போட்டாச்சுன்னு சொன்னேன்

இறங்காதீங்க சார், இது கிராசிங். எதுக்க வாற வண்டி போனாத்தான் நம்மள விடுவான். இந்த ஸ்டேஷன்ல டீயும் கிடையாது. உக்காருங்க.

என்ன வேலன்னு கேட்டியள்லா? ஆஸ்பத்திரில சார். தென்காசிப் பக்கம். லேப்புல ரத்தம் எடுக்கிற ஆளு. பேரு ஆவுடையப்பன். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், பொறவு குறை சொல்லிட்டுத் திரியுதான்னு ஆயிரும். குறைதான் சொல்லப்போறேன். இருந்தாலும் பேரு வேண்டாம்.

இருபத்தாறு வருசம் சார். உங்க கையக் கொஞ்சம் நீட்டுங்க. இந்தா, இது நரம்பு. பைப்பு மாதிரி கிடக்கு. இத எவனும் எடுப்பான். கேன்சர் வார்டுல அப்பிடி இல்ல. மருந்து ஏத்தி ஏத்தி நரம்பெல்லாம் உள்ள போயி ஒளிஞ்சுக்கிடும். மத்தவுக விரல வச்சா ஒண்ணும் தட்டுப்படாது. நான் வச்சாத் தட்டுப்படும். பச்சப்பிள்ள கூட எங்கிட்ட அழாது. எடுத்து முடிச்ச பொறவு, "எப்ப மாமா எடுப்பீங்க"ன்னு கேக்கும்.

அப்பிடிப்பட்ட என்னயக் கொண்டுபோயி நாலு மாசத்துக்கு மேல கண்ணாடிக்குப் பின்னால உக்காரவச்சாவ சார். ட்யூப்ல ஸ்டிக்கர் ஒட்டுத வேல. என்ன குத்தம் பண்ணுனேன்? ஊசி போடல. கொரோனா ஊசி.

நான் ஊசிக்கு எதிரி கிடையாது. அத முதல்ல சொல்லிருதேன். என் பிள்ளைக ரெண்டுக்கும் ஒரு ஊசி பாக்கியில்லாம போட்டிருக்கு. வீட்டுக்காரி தூக்கிட்டு உள்ள போவா, நான் வெளிய நிப்பேன். சைக்கிளப் பாத்துக்கிடணும்லா. இந்தக் கொரோனா ஊசிக்கும் அவள நான்தான் கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கும் வெளியதான் நின்னேன். இப்ப மோட்டார் சைக்கிள்.

ஆஸ்பத்திரி ஆளுகளுக்குத்தான் முதல்ல போட்டாவ, ஞாபகம் இருக்கா? தை மாசம். எனக்கு அப்பப் பாத்து மச்சினன் மக கல்யாணம். ஊசி போட்டுக் காய்ச்சல் வந்தா யாரு பந்தி பாக்க? சரி, கல்யாணம் முடியட்டும்னேன். முடிஞ்சுது. பொறவு வெயில் ஜாஸ்தியாயிட்டு. பொறவு எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்ட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்தேன், இவருக்கு ஒவ்வாமை இருக்குன்னு. பெரிய டாக்டர் அதப் படிச்சிட்டு, "எதுக்கு ஒவ்வாமை?"ன்னு கேட்டாரு. "பொதுவா சார்"ன்னேன்.

பங்குனி மாசம் கேன்டீன் ஹால்ல எல்லாரையும் கூட்டுனாவ. பெரிய டாக்டர் எந்திரிச்சி நின்னு சொன்னாரு. "கேன்சர் வார்டு, குழந்தைகள் வார்டு, ஐசியு. இந்த மூணுலயும் ஊசி போடாத யாரும் இனிமே உள்ள போகக்கூடாது. நான் யாரையும் வேலைய விட்டு அனுப்பல. வேற இடத்துல வேல தருவேன். இன்னும் பத்து நாள் இருக்கு, யோசிச்சுக்கோங்க."

நான் எந்திரிச்சேன் சார். யாராவது ஒருத்தன் கேக்கணும்லா. "கட்டாயப்படுத்துததுக்குச் சட்டம் இருக்கா சார்? இது என் உடம்பு"ன்னேன்.

"உங்க உடம்புதான். யாரு இல்லன்னா? வார்டுல படுத்திருக்கவங்களுக்கும் ஒரு உடம்பு இருக்குல்ல ஆவுடையப்பன்?"

எல்லாரும் கைதட்டுனாவ. எனக்கு இல்ல, அவருக்கு.

ஆரம்பத்துல ஊசி போடாதவுக நாங்க ஏழு பேரு. பத்து நாள்ல அஞ்சு பேரு போயி போட்டுட்டு வந்துட்டான். கொள்கைன்னு ஒண்ணு வேண்டாமா சார் மனுசனுக்கு? கடைசில நானும் வாட்ச்மேனும்தான். வாட்ச்மேன் எப்பவும் கேட்டத் தாண்டி வரமாட்டான், அவனச் சேக்க வேண்டாம்.

ரோஸ்லின் சிஸ்டர்னு ஒருத்தர் இருக்காவ, நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி. நல்லவுகதான். ஒருநாள் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாவ. "ஒரு நாளைக்கு எத்தன பேரக் குத்துறீங்க ஆவுடையப்பன்?"

"அறுவது எழுவது இருக்கும் சிஸ்டர்."

"உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. நானே போடுறேன். வலிக்காது."

"வலிக்காகவா சிஸ்டர்? இது உரிமைப் பிரச்சினை"ன்னேன். சிஸ்டர் என் கையையே பாத்துட்டு இருந்தாவ. கை கொஞ்சம் ஆடிட்டு இருந்துச்சு. அன்னைக்கு ஏசி ஜாஸ்தி.

அப்பிடித்தான் கண்ணாடிக்குப் பின்னால போனேன். என் இடத்துக்கு ஜெனிபர்னு ஒரு பிள்ளைய எடுத்தாவ. படிச்சு முடிச்சு ஒரு வருசம் ஆகல. நல்ல பிள்ள. நரம்பு மட்டும் தெரியாது.

இப்ப உலகம்மா கதைக்கு வாரேன். அதுக்குத்தான இவ்வளவும்.

உலகம்மா, பொட்டல்குளத்துக்காரி. பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். வீட்டுக்காரர் இல்ல, ஒரே மகன் சங்கரபாண்டி, ஜேசிபி ஓட்டுதான். மார்புல கேன்சர். எட்டு தடவ மருந்து ஏத்தணும், மூணு வாரத்துக்கு ஒருக்க. ஒவ்வொரு தடவயும் ரத்தம் பாத்துட்டுத்தான் ஏத்துவாவ. முதல் ரெண்டு தடவ நான்தான் எடுத்தேன். "அண்ணே, எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்ல"ன்னு சொல்லும். என்னய அண்ணேன்னுதான் கூப்பிடும்.

மூணாவது தடவ வந்தது சித்திரை பொறந்த சமயம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கேன். ஜெனிபர் இடது கைல குத்துனா. வரல. கொஞ்சம் மேல குத்துனா. வரல. மணிக்கட்டுல குத்துனா. உலகம்மா கண்ண இறுக்க மூடிட்டு, "ஆவுடையப்பண்ணன் இன்னைக்கு இல்லையாம்மா?"ன்னு கேட்டுச்சு. எனக்குக் கேட்டுட்டு.

நீங்க என்ன சார் பண்ணியிருப்பீங்க? ஒரு மனுசி கஷ்டப்படுதத பாத்துட்டு ஸ்டிக்கர் ஒட்டிட்டு இருப்பியளா? ரோஸ்லின் சிஸ்டரும் அந்த நேரம் மாடில இல்ல. கதவத் திறந்துட்டு உள்ள போயிட்டேன். ஜெனிபர், "அண்ணே, நீங்க வரக்கூடாதுல்ல"ன்னா. "நீ தள்ளு"ன்னேன்.

கைல ரப்பர்க் கட்டுப் போட்டுட்டு விரல வச்சித் தேடுதேன். மாஸ்க் போட்டா என் மூக்குக்கண்ணாடி ஆவியடிச்சிரும் சார், ஒண்ணும் தெரியாது. அதனால மாஸ்க்க மூக்குக்குக் கீழ இறக்கிவிட்டுக்கிட்டேன். அன்னைக்குக் காலைலயிருந்து தொண்ட வேற கரகரன்னு இருந்துச்சு. மாம்பழம் சாப்பிட்டது. ரெண்டு தடவ செருமிக்கிட்டேன். அவ்வளவுதான்.

அப்பக் கேட்டுச்சு உலகம்மா. "தப்பா நினைக்காதீங்கண்ணே. பக்கத்துல வாறவுக எல்லாரையும் கேக்கச் சொல்லியிருக்காரு டாக்டர். நீங்க ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு"ன்னு சொன்னேன்.

ஒரு வார்த்தைதான சார். அந்நேரத்துல உக்காந்து சட்டமும் உரிமையும் விளக்க முடியுமா? விரலுக்கடியில நரம்பு நிக்கு. விட்டா ஓடிரும். ஒரே குத்து. ரத்தம் வந்துட்டு. "பாத்தியாம்மா, அண்ணன் கை"ன்னு ஜெனிபர்ட்ட சொல்லிச் சிரிச்சுது.

மூணாம் நாளு எனக்குக் காய்ச்சல். வீட்டுக்காரி அடுப்புல கருவாட்டக் கருகவிட்டுட்டா, தெருவே நாறுதுங்கா, எனக்கு ஒரு மணமும் இல்ல. டெஸ்ட் எடுத்தாக் கொரோனா. ஒரு பத்து நாள் படுத்தேன், எந்திரிச்சிட்டேன்.

உலகம்மாவுக்கு அஞ்சாம் நாளு வந்துட்டு. மருந்து ஏத்தி உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்லாத நேரம். பதினேழு நாள் ஆக்சிஜன்ல கிடந்துச்சு. ரெண்டு தடவ மகனக் கூப்பிட்டு, முடிவு சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டாவ. பிழைச்சிட்டு. ஆனா கேன்சர் மருந்து ரெண்டு மாசத்துக்கு மேல நின்னுபோச்சு.

ரோஸ்லின் சிஸ்டர் எனக்குப் போன் போட்டாவ. "அன்னைக்கு உள்ள போனீங்களா?"

"அந்தம்மா கூப்பிட்டுச்சு சிஸ்டர்."

"மாஸ்க்க இறக்கினீங்களா?"

"எங்கிட்டயிருந்துதான் போச்சுன்னு என்ன ஆதாரம் சிஸ்டர்?"

"ஆதாரம் இல்ல"ன்னு சொல்லிட்டுப் போன வச்சிட்டாவ. ஆதாரம் இல்லன்னு அவுகளே ஒத்துக்கிட்டாவ, பாத்தியளா? ஆனா சொன்ன விதம் சரியில்ல. ராத்திரியும் பகலும் அந்தக் குரலு காதுலயே கிடந்துச்சு.

அதனால ஒரு முடிவு பண்ணுனேன். ஆதாரம் இல்லன்னா நாமளே தேடிருவோம். உலகம்மாவுக்கு யாருட்டயிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சிட்டா என் மேல இருக்க பேச்சு போயிரும்லா. ஆனி மாசம், ஊரடங்கு முழுசா எடுக்கல. ஐடி கார்டக் காட்டுனா போலீஸ் விட்டுருவான். ஒரு நோட்டு வாங்கி சட்டைப் பையில வச்சுக்கிட்டு மோட்டார் சைக்கிள எடுத்தேன்.

பொட்டல்குளத்துல எதுத்த வீட்டுல ஒரு பொம்பள பீடி சுத்திட்டு இருந்துச்சு. ஆஸ்பத்திரிலயிருந்து விசாரிக்க வந்திருக்கேன்னேன். பொய் இல்லல்லா? "சித்திரைல இந்தத் தெருவுல யாருக்காவது காய்ச்சல் உண்டுமா?"

"ஒருத்தருக்கும் இல்லையே."

"உலகம்மா வீட்டுக்கு யாராவது வந்து போவாவளா? சொந்தக்காரங்க, பால்காரரு?"

"யாரும் வரமாட்டாவ சார். அந்தப் பையன் விடமாட்டான். பால வாசல்ல செம்புல ஊத்திட்டுப் போயிரணும். உலகம்மா ஆஸ்பத்திரிக்குப் போறதோட சரி, வேற எங்கயும் போகாது."

"அப்ப மகன்? வேலைக்குப் போயிட்டு வருவாம்லா? நாலு எடம் போறவன்."

"அவன் வீட்டுக்குள்ளயே போகலையே சார். ரெண்டு மாசமா அந்த ஜேசிபி வண்டிக்குள்ளதான் படுத்துக் கிடந்தான். பெத்த அம்மைக்கு ஒட்டிரக்கூடாதுன்னு சோத்தக் கூட ஜன்னல் வழியாத்தான் வாங்குவான். கொசு பிடுங்கிக் காலெல்லாம் புண்ணு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தாலும் கீழயே நின்னுக்கிடுவானாம்."

நோட்டுல எழுத ஒண்ணும் இல்ல. "ஆடு மாடு, பூனை?"ன்னு கேட்டேன். ஒரு பூனை வந்து போகுமாம். வெள்ளப் பூனை. அத எழுதிக்கிட்டேன். பூனைக்கும் வரும்னு பேப்பர்ல போட்டிருந்தான் சார். நீங்க படிக்கலையா?

அந்நேரம் பாத்து உலகம்மா வாசலுக்கு வந்துட்டு. அடையாளம் தெரியல. பாதி ஆளாப் போயிட்டு. தலைல துண்டு. என்னயப் பாத்ததும், "அண்ணே! நீங்களா? இந்த வெயில்ல எனக்காகவா வந்தீங்க?"ன்னு நாற்காலிய எடுத்து வெளிய போட்டுச்சு. "கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே"ன்னு சொல்லிட்டுத் தானும் எட்டவே உக்காந்துச்சு. டீ போட்டு எடுத்துட்டு வந்து நடுவுல ஸ்டூல்ல வச்சிட்டு நகந்துக்கிட்டுச்சு.

அப்பிடியே அழ ஆரம்பிச்சிட்டு.

"உங்களுக்கும் வந்துட்டாமேண்ணே. ஜெனிபர் சொல்லிச்சு. எனக்கு ஆக்சிஜன் வச்சிருந்தப்பகூட அதே நினைப்புத்தான். உதவி செய்ய வந்த மனுசனுக்கு நாம கொடுத்துட்டமேன்னு."

எனக்கு முதல்ல வெளங்கல சார்.

"நீங்க ஊசி போட்டவுக. உங்ககிட்டயிருந்து எனக்கு வரமுடியாதுல்லா? அப்ப எங்கிட்டயிருந்துதான உங்களுக்கு வந்திருக்கு. எனக்கு முதல்லயே எங்கயோ ஒட்டிட்டுப் போல. என் உடம்புல மெல்லக் காட்டியிருக்கு, உங்களுக்கு வெரசாக் காட்டிட்டு. என்னய மன்னிச்சிருங்கண்ணே."

ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டுச்சு.

யோசிச்சுப் பாத்தா அந்தம்மா சொன்னதுல ஒரு நியாயம் இருந்துச்சு. நான் தேடிட்டுப் போன ஆளு அந்தம்மாவேன்னு கூட வச்சுக்கிடலாம். நான் என்ன சொல்ல? "பரவால்ல உலகம்மா, விடு. நடந்தது நடந்துபோச்சு"ன்னேன். பெரிய மனசு பண்ணித்தான் சொன்னேன். டீ ஆறிட்டு. ஆறுன டீ நான் குடிக்கமாட்டேன். அப்பிடியே வச்சிட்டு வந்துட்டேன். வாற வழியில நோட்ட ஓடையில போட்டுட்டேன். அது ஏன்னு கேக்காதீங்க. சட்டைப் பையில உறுத்திட்டே இருந்துச்சு.

ஆடி மாசம் மறுபடியும் மருந்து ஏத்த வர ஆரம்பிச்சுது. வந்ததும் நேர எங்கிட்ட வரும். ஒரு மஞ்சப்பை. உமியில பொதிஞ்சு ஆறு முட்டை. "சத்துக் குறைஞ்சிருக்கும்ணே உங்களுக்கு. என்னாலதான" அப்பிடிங்கும். எனக்கு முதல்ல ஒரு சந்தேகம், சத்துணவு முட்டையோன்னு. பள்ளிக்கூடமே மூடிக் கிடக்கு, அது இல்ல. நாட்டுக்கோழி முட்டை. சிறுசு சிறுசா. வேண்டாம்னா அழுதுரும். வாங்கிக்கிடுவேன். வீட்டுக்காரி அவிச்சுக் குடுப்பா. முதல் தடவ ருசியாத்தான் இருந்துச்சு. பொறவு என்னமோ இறங்கல. பிள்ளைக தின்னுச்சு.

இதுக்கு நடுவுல நானும் ஊசி போட்டுட்டேன். கொரோனா வந்தவுக மூணு மாசம் கழிச்சுத்தான் போடணும்னு சொல்லியிருந்தாவ. அந்த மூணு மாசமும் ஒருத்தரும் என்னய ஒண்ணும் கேக்கல, நிம்மதியா இருந்தேன். மூணு மாசம் முடிஞ்ச அன்னைக்கு ரோஸ்லின் சிஸ்டர் வந்து லேப் வாசல்ல நின்னாவ. ஒண்ணும் சொல்லல, சும்மா நின்னாவ. நானாத்தான் போனேன் சார், யாரும் கட்டாயப்படுத்தல. காலைல சாப்பிடாமப் போனதால கொஞ்சம் கண்ண இருட்டிட்டு. கட்டில்ல படுக்கவச்சுப் போட்டாவ. பொறவுதான் என்னய மறுபடி வார்டுக்குள்ள விட்டாவ. உலகம்மாவுக்கு மறுபடி நான்தான் ரத்தம் எடுத்தேன்.

எட்டாவது தடவ. அதுதான் கடைசி. புரட்டாசி. அன்னைக்கு லிஃப்ட் ரிப்பேர். ரெண்டு மாடி படியேறி வந்திருக்கு சார், அந்த உடம்ப வச்சிக்கிட்டு. ஒரு கை சுவத்தப் பிடிச்சிருக்கு, ஒரு கைல மஞ்சப்பை. மூச்சு வாங்குது. பை மட்டும் ஆடல. மேசைல வச்சிட்டு, "ஒண்ணு கூட உடையலண்ணே"ன்னு சிரிச்சுது.

கைல ரப்பர்க் கட்டுப் போட்டேன். நரம்பத் தேடுதேன். அன்னைக்கு ரொம்ப நேரம் தட்டுப்படல. அப்ப சொல்லிட்டேன்.

"உலகம்மா, அன்னைக்கு நான் ஊசி போடல. போட்டாச்சுன்னு பொய் சொன்னேன்."

ஏன் சொன்னேன்னு தெரியல சார். சொல்லணும்னு நினைச்சிட்டுப் போகல.

உலகம்மா அப்பிடியே இருந்துச்சு. கைய நீட்டுன மாதிரியே. பொறவு, "ஏண்ணே போடல?"ன்னு கேட்டுச்சு. கோவமாக் கேக்கல. தெரிஞ்சுக்கிடக் கேக்குத மாதிரி.

அந்தம்மாகிட்ட சட்டம், உரிமைன்னு என்னத்தப் பேச? அதனால, "பயமா இருந்துச்சு"ன்னு சொல்லி வச்சேன். சும்மா, ஒரு பதிலுக்கு.

"ஊசிக்கா?"

"ஆமா."

சிரிச்சுது சார். நெசமாச் சிரிச்சுது. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துட்டு. இருமி முடிச்சிட்டுத் தன் கையப் பாத்துச்சு. முழங்கைலயிருந்து மணிக்கட்டு வரைக்கும் கருப்புக் கருப்பாப் புள்ளி. அவ்வளவும் ஊசி குத்துன இடம். அதையே பாத்துட்டு இருந்துச்சு.

"கட்ட அவுத்துருங்கண்ணே"ன்னுச்சு.

அவுத்தேன். மஞ்சப்பைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சு ஜெனிபர்ட்ட போயி உக்காந்துச்சு. "நீ எடும்மா"ன்னு கைய நீட்டுச்சு. ஜெனிபர் என்னயப் பாக்கா, அந்தம்மாவப் பாக்கா. மூணாவது குத்துலதான் வந்துச்சு. எனக்கு அர நிமிச வேல. உண்மையச் சொன்னதுக்கு இதான் சார் மரியாத.

மறுநாளே பெரிய டாக்டர் கூப்பிடுவாருன்னு நினைச்சேன். கூப்பிடல. ரோஸ்லின் சிஸ்டர்ட்ட சொல்லியிருக்கும்னு பாத்தேன். சிஸ்டர் வழக்கம் போல, "சாப்டாச்சா ஆவுடையப்பன்?"னு கேட்டுட்டுப் போறாவ. ஒரு வாரம் பாத்தேன், ஒரு மாசம் பாத்தேன். ஒரு எழுத்துப் புகார் வரல. எழுதிக் குடுத்திருந்தா என்ன சார்? ஒரு மெமோ குடுப்பாவ, பதினஞ்சு நாள் சஸ்பெண்ட் பண்ணுவாவ, முடிஞ்சு போயிரும். யாருகிட்டயும் சொல்லல. வருசம் மூணாச்சு.

உலகம்மா நல்லாத்தான் இருக்கு. முடியெல்லாம் வளந்துட்டு. ஆறு மாசத்துக்கு ஒருக்க டெஸ்டுக்கு வரும், ஜெனிபர்ட்டதான் குடுக்கும். ஜெனிபரும் இப்ப தேறிட்டா, ஒரே குத்துல எடுத்துருதா. என்னயப் பாத்தா உலகம்மா தலைய மட்டும் ஆட்டும். பேசாது.

மகன்கிட்ட கூடச் சொல்லல சார். எப்பிடித் தெரியும்னு கேக்கியளா? அந்தப் பையன் சங்கரபாண்டி, என்னய எங்க பாத்தாலும் வண்டிய நிப்பாட்டி, ரெண்டு கையும் எடுத்துக் கும்பிடுதான். போன வாரம் கூட, ரோட்டுல குழி தோண்டிட்டு இருந்தவன் ஜேசிபிலயிருந்து இறங்கி வந்து கும்பிட்டான். "எங்க அம்மையக் காப்பாத்துன கை சார் இது"ன்னு கூட நின்னவன்கிட்ட சொல்லுதான்.

நானும் கும்பிட்டேன்.